ஒரு களிம்பின் வரலாறு

மருத்துவ வரலாறு எழுதுவோரின் பார்வை பெரும்பாலும் அம்மை, வாந்திபேதி, மலேரியா முதலிய கொடிய நோய்களின்மீதே செல்லும். ஊர்களைக் காலி செய்த நோய்களுக்கு நூல்கள் உண்டு; அவற்றை வென்ற மேதைகளுக்குச் சிலைகளும் உண்டு. உயிரைப் பறிக்காமல், ஆயினும் கோடிக்கணக்கான பெண்களின் அன்றாட வாழ்வில் உளைச்சலாய் நுழைந்து, வெளியே சொல்ல நாணமும் சொல்லாதிருக்க வேதனையும் தந்துவரும் நோய்களுக்கு அத்தகைய வரலாறு அரிதாகவே எழுதப்பட்டுள்ளது. பாக்டீரியல் வஜினோசிஸ் என்னும் நோய் அவற்றுள் ஒன்று. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களுள் 23 முதல் 29 விழுக்காட்டினரிடம் இந்நோய் காணப்படுவதாக உலக நல நிறுவனம் கூறுகிறது. நால்வருள் ஒருவர் என்று கொண்டால் பெரும் பிழையிராது.

இந்நோய்க்கு இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளுள் ஒன்று, 2 விழுக்காடு கிளிண்டமைசின் கலந்த வெண்ணிறக் களிம்பு. 1992ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அரசின் ஒப்புதல் அதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு வரை மருத்துவ உலகம் நடந்த வழி நேரானதன்று. பிழையான பகைவனைப் பிழையான பெயரால் அழைத்து, பயனற்ற களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசச் சொன்ன காலமும் அதனுள் அடங்கும்.

தமிழில் வெள்ளை, வெள்ளைப்படுதல் என்னும் சொற்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. மலாய் மொழியிலும் வெண்மையைக் குறிக்கும் 'பூத்தே' என்னும் சொல்லின் அடியாகவே இதற்குப் பெயர் அமைந்துள்ளது. இரு மொழியினரும் கண்ணால் கண்ட நிறத்தை வைத்தே பெயரிட்டனர். ஆனால் நிறம் காரணத்தைக் காட்டுவதில்லை. இயல்பாகவே பெண்ணுடலில் சுரக்கும் நீரும் வெண்மையாயிருக்கும். அது நோயே அன்று. காண்டிடா என்னும் பூஞ்சை மிகும்போது தயிர்க்கட்டி போன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் தோன்றும். டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி புகுந்தால் நுரையும் மஞ்சள் கலந்த பசுமையும் காணலாம். பாக்டீரியல் வஜினோசிஸ் வந்தால், நீர்த்த சாம்பல் வெண்ணிறக் கசிவும் மீன் வாடை போன்ற நாற்றமும் உண்டாகும்; அரிப்பும் எரிச்சலும் பெரிதாக இரா. பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. வேறு வேறான இந்நிலைகளை ஒரே சொல்லால் அழைத்த சமுதாயம், ஒரே மருந்தால் அவற்றைத் தீர்க்க முயன்றதில் வியப்பில்லை. மேலை மருத்துவமும் நெடுநாள் இதனையே செய்தது என்பதுதான் நோக்கத்தக்கது.

அறிவியல் வழியில் இதன் தொடக்கத்தை 1892ஆம் ஆண்டில் வைத்துக் காணலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் மகப்பேற்று மருத்துவர், யோனிச் சுரப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொன்று குவித்த பேறுகாலக் காய்ச்சலே அவருடைய கவலை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், மருத்துவர்களின் கழுவாத கைகளே அக்காய்ச்சலைக் கொண்டுவருகின்றன என்று காட்டியிருந்தார். வெளியிலிருந்து வரும் கிருமி ஒருபுறமிருக்க, பெண்ணுடலுக்குள்ளேயே காவல் ஏதேனும் உண்டா என்பதை டோடர்லைன் ஆராய்ந்தார். நலமுள்ள பெண்களின் சுரப்பில் நீண்ட கோல் வடிவ நுண்ணுயிர்கள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் புளித்துத் தயிராகும்போது தோன்றும் அதே அமிலம். அந்த அமிலச் சூழலில் சீழ் உண்டாக்கும் கிருமிகள் தழைக்க முடிவதில்லை. அந்நாளில் கிருமி என்றாலே பகை என்று கருதப்பட்டது. உடலுக்குள் வாழும் ஒரு கிருமிக்கூட்டமே உடலுக்குக் காவல் என்று சொன்ன டோடர்லைனின் கருத்து, காலத்தை மிஞ்சியது. அக்கோல் நுண்ணுயிர்கள் அவர் பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டன. லாக்டோபாசில்லஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை அவை என்று பின்னர் வகைப்படுத்தப்பட்டன. 1921இல் இராபர்ட் ஷ்ரோடர் என்னும் மற்றொரு ஜெர்மானியர், இக்கோல்கள் நிறைந்த நிலை, குறைந்த நிலை, அறவே மறைந்து வேறு நுண்ணுயிர்கள் நிறைந்த நிலை எனச் சுரப்பை மூன்று படிகளாகப் பிரித்தார்.

இவ்விரு ஜெர்மானியரும் காட்டிய வழியில் மருத்துவம் தொடர்ந்து சென்றிருக்குமானால், நோயின் தன்மை முப்பது நாற்பது ஆண்டுகள் முன்னரே விளங்கியிருக்கக்கூடும். நிகழ்ந்ததோ வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கழுவித் தூய்மை செய்வதே நலம் என்னும் எண்ணம் மேலை நாடுகளில் ஓங்கியிருந்தது. தரை கழுவப் பயன்படும் லைசால் என்னும் கிருமிநாசினியைக்கூடப் பெண்களின் அந்தரங்கத் தூய்மைக்கு ஏற்றதென்று அமெரிக்க இதழ்கள் விளம்பரம் செய்தன. கணவன் விலகிச் செல்வதற்கு மனைவியின் உடல் வாடையே காரணம் என்னும் அச்சத்தை அவ்விளம்பரங்கள் விதைத்தன. உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவும் வழக்கமுடைய பெண்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் கண்டன. காவற்காரனையே கழுவி வெளியேற்றிய செயல் அது. வணிகம் விதைத்த நாணத்தால் நோய்க்கு வழி திறந்த கொடுமை, மருத்துவ வரலாற்றின் கறைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

மருத்துவர்களோ, பூஞ்சையும் இல்லை, டிரைக்கோமோனாஸும் இல்லை, மேகவெட்டையும் இல்லை என்றால், எஞ்சிய அனைத்தையும் 'குறிப்பிலா யோனி அழற்சி' என்று எழுதி வைத்தனர். குறிப்பிட்ட காரணம் எதுவும் புலப்படவில்லை என்பதே அப்பெயரின் பொருள். அப்பெயரைக் கேட்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு அதனால் என்ன ஆறுதல் கிட்டியிருக்கும்?

1955ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், பேலர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்மன் கார்ட்னர் என்னும் மகளிர் மருத்துவரும் சார்லஸ் டியூக்ஸ் என்னும் நுண்ணுயிர் அறிஞரும், குறிப்பிலா அழற்சி என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் கசிவிலிருந்து ஒரு சிறு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். அதற்கு ஹீமோஃபைலஸ் வஜினாலிஸ் எனப் பெயரிட்டு, இதுவே காரணம் என்று அறிவித்தனர். இரண்டாண்டுகளுக்கு முன்னர் சிட்னி லியோபோல்ட் என்பவர் இத்தகைய நுண்ணுயிர் ஒன்றை விவரித்திருந்தார். ஆயினும் அதனை இந்நோயோடு உறுதியாகப் பிணைத்தவர்கள் இவ்விருவரே. நுண்ணோக்கியின் கீழே ஓர் அடையாளத்தையும் அவர்கள் கண்டனர். யோனியின் மேல்தோல் உயிரணுக்கள்மீது நுண்ணுயிர்கள் மொய்த்து, விளிம்பே தெரியாதபடி மூடியிருந்தன. மணல் தூவிய இலை போன்ற அத்தோற்றத்துக்குத் 'துப்புத் தரும் உயிரணு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், அதனை நலமுள்ள உடலில் புகுத்தி, அதே நோய் வருகிறதா எனக் காணவேண்டும் என்பது இராபர்ட் காக் வகுத்த பழைய நெறி. கார்ட்னரும் டியூக்ஸும் அதனைப் பெண்களிடமே செய்து பார்த்தனர். தூய்மையாக வளர்க்கப்பட்ட நுண்ணுயிரை நலமுள்ள 13 பெண்களுக்குள் இட்டனர். ஒருவருக்கு மட்டுமே நோய் கண்டது. நோயுற்ற பெண்ணின் கசிவை அப்படியே எடுத்து வேறு 15 பெண்களுக்குள் இட்டனர். 11 பேருக்கு நோய் கண்டது. இன்றைய மருத்துவ நெறிக்குழு எதுவும் இத்தகைய சோதனைக்கு இசைவு தராது. நலமுள்ளவரை நோயாளியாக்கிப் பார்த்த அச்செயலை, அறிவுத்தேட்டம் என்னும் பெயரால் மட்டும் மன்னித்துவிட முடியாது.

அச்சோதனையின் விடை அவர்கள் கண்முன்னே கிடந்தது என்பதும் ஈண்டு கருதத்தக்கது. தனி நுண்ணுயிரால் 13 பேரில் ஒருவருக்கே நோய். முழுக் கசிவால் 15 பேரில் 11 பேருக்கு நோய். குற்றவாளி ஒருவன் அல்லன், ஒரு கூட்டம் என்பதையே இவ்வெண்கள் உரைத்தன. ஆனால் ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்னும் கொள்கை ஆட்சி செய்த காலம் அது. எண்கள் ஒன்று சொல்ல, முடிவு வேறாக எழுதப்பட்டது.

அம்முடிவின் விளைவை நோயாளிகள் சுமந்தனர். மூவகை சல்பா மருந்துகளைக் கலந்த களிம்பு ஒன்று அந்நாளில் பரவலாக எழுதித் தரப்பட்டது. களிம்பினால் இந்நோயைத் தீர்க்க முயன்ற முதற்காலம் இதுவே எனலாம். பூசும்போது சிறிது தணிந்தது போலிருக்கும். சில நாளில் வாடை திரும்பும். மீண்டும் அதே களிம்பு. நோயாளி ஒழுங்காகப் பூசவில்லை, தூய்மை பேணவில்லை என்ற பழியும் எளிதில் அவள்மீது விழுந்தது. 1978இல்தான் சியாட்டல் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபைஃபர், ஹோம்ஸ் முதலியோர், சல்பா களிம்பு இந்நோயைத் தீர்ப்பதில்லை என்று ஆய்ந்து வெளியிட்டனர். வேறு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் சரிவரப் பயன் தரவில்லை. நான்காவதாகக் கொடுத்துப் பார்த்த மெட்ரோனிடசோல் மாத்திரையோ ஏறத்தாழ எல்லாரையும் குணப்படுத்தியது.

மெட்ரோனிடசோலின் கதை தனியே சுவையானது. 1953இல் ஜப்பானிய அறிஞர்கள் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அசோமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பிரான்சு நாட்டின் ரோன் புலாங்க் நிறுவனத்தார் அதன் அமைப்பைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்து, டிரைக்கோமோனாஸைக் கொல்லும் மருந்தாக மெட்ரோனிடசோலை 1959இல் அறிவித்தனர். ஒட்டுண்ணிக்கான மருந்து பாக்டீரியாவையும் கொல்லும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1962இல் இங்கிலாந்தில், டிரைக்கோமோனாஸுக்காக இம்மருந்தை உண்ட பெண் ஒருத்திக்கு, நெடுநாளாக இருந்த ஈறுப் புண்ணும் ஆறியது. ஷின் என்பவர் இதனை லான்செட் இதழில் எழுதினார். ஈறுப் புண்ணை உண்டாக்குபவை உயிர்வளியில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். ஒரு பெண் தற்செயலாகக் கண்டு சொன்ன நன்மையால், ஒரு மருந்துக்குப் புதிய பயன் கிடைத்தது. நோயாளியின் பேச்சைச் செவிமடுத்த மருத்துவரும் பாராட்டுக்குரியவரே.

சியாட்டல் முடிவு ஒரு புதிரையும் எழுப்பியது. கார்ட்னர் கண்ட நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்து மெட்ரோனிடசோலை இட்டால், அது எளிதில் சாவதில்லை. ஆயினும் உடலில் நோய் தீர்ந்தது. அவ்வாறாயின் மருந்து கொன்றது யாரை? உயிர்வளி வேண்டாத பல்வேறு பாக்டீரியாக்களும் இந்நோயில் பெருகியுள்ளன என்பதும், அவை வெளியிடும் அமீன் பொருள்களே மீன் வாடைக்குக் காரணம் என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தெளிவாயின. காவல் நின்ற லாக்டோபாசில்லஸ் குறைந்து, அமிலம் தணிந்து, அவ்விடத்தில் வேறொரு கூட்டம் குடியேறுவதே இந்நோய். ஷ்ரோடரின் மூன்றாம் படி மீண்டும் நினைவுக்கு வந்தது.

பெயர்களும் மாறின. கார்ட்னரின் நுண்ணுயிர் ஹீமோஃபைலஸ் இனத்தது அன்று என்று கண்டு, 1963இல் அதனைக் கொரினிபாக்டீரியம் என்றனர். அதுவும் பொருந்தாமற்போக, 1980இல் கார்ட்னரெல்லா எனக் கண்டறிந்தவர் பெயரையே இட்டனர். நோயின் பெயர் 1984இல் ஸ்டாக்ஹோமில் கூடிய அறிஞர்களால் நிலைபெற்றது. ஐரோப்பிய மருத்துவ மொழியில் 'ஐட்டிஸ்' என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கும். 'ஓசிஸ்' என்னும் ஈறு பொதுவான நோய்நிலையைக் குறிக்கும். இந்நோயில் சிவப்போ வீக்கமோ பெரும்பாலும் இல்லாமையால், 'வஜினைட்டிஸ்' என்பதை விடுத்து 'வஜினோசிஸ்' என்றனர். மொழியாசிரியர்கள் மகிழத்தக்க திருத்தம் இது. ஒரு சொல்லின் ஈற்றை மாற்றியதில் ஒரு நூற்றாண்டுக் குழப்பம் தீர்ந்தது.

நோயைக் கண்டறியும் முறையும் எளிதாயிற்று. 1983இல் ஆம்செல் என்பவரும் அவர் குழுவினரும் நான்கு அடையாளங்களை வகுத்தனர். நீர்த்துச் சமமாகப் படர்ந்த கசிவு, பி.எச். அளவு 4.5க்கு மேல் இருத்தல். 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் ஒரு துளியை இட்டதும் எழும் மீன் வாடை. நுண்ணோக்கியில் தெரியும் துப்பு உயிரணுக்கள். இவற்றுள் மூன்று இருப்பின் நோய் உறுதி. நிறம் மாறும் தாளும் ஒரு நுண்ணோக்கியும் இருந்தால் சிறிய மருத்துவ நிலையத்திலும் இதனைச் செய்யலாம் என்பதே இம்முறையின் பெருமை. 1991இல் நியூஜென்ட் என்பவரின் பெயரால், நிறமேற்றிய கண்ணாடித் தகட்டில் நுண்ணுயிர்களை எண்ணி 0 முதல் 10 வரை புள்ளியிடும் முறையும் வந்தது. 7 அல்லது அதற்கு மேற்பட்டால் நோய் என்பது கணக்கு.

இனி, களிம்பினுள் இருக்கும் கிளிண்டமைசினுக்கு வருவோம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துத் தலைநகர் லிங்கன். அவ்வூர் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அப்ஜான் நிறுவனத்தார் ஒரு மருந்தைப் பிரித்து, ஊர்ப் பெயராலேயே லிங்கோமைசின் என்று 1962இல் வெளிப்படுத்தினர். அதன் மூலக்கூற்றில் ஓர் அணுத்தொகுதியை நீக்கிக் குளோரினைச் சேர்த்தபோது, ஆற்றல் மிக்க கிளிண்டமைசின் பிறந்தது. 1966இல் அது அறிவிக்கப்பட்டது. பாக்டீரியா தன் புரதங்களைக் கட்டும் இடத்தில் போய் அமர்ந்து, அக்கட்டுமானத்தைத் தடுப்பது இதன் செயல். உயிர்வளி வேண்டாக் கிருமிகளை இது திறம்பட அடக்கும். கார்ட்னரெல்லாவையும் அடக்கும்.

ஆயின் இதற்கு ஒரு தீய பெயரும் வாய்த்தது. 1974இல் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் டெடெஸ்கோவும் உடனுழைத்தோரும், இம்மருந்தை உட்கொண்ட 200 நோயாளிகளை ஆராய்ந்து, 21 விழுக்காட்டினருக்கு வயிற்றுப்போக்கும் 10 விழுக்காட்டினருக்குப் பெருங்குடலில் கொடிய அழற்சியும் கண்டதாக எழுதினர். குடலின் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்த இடத்தில் வேறொரு நச்சுக் கிருமி பெருகுவதே காரணம் என்று 1978இல் தெரிந்தது. குடலிலும் காவற்கூட்டம் கலைந்தால் கேடு விளைகிறது என்பதை மருத்துவ உலகம் அதே பத்தாண்டுகளில் கற்றுக்கொண்டிருந்தது.

இந்நிலையில்தான் களிம்பு வடிவம் பொருள் பெறுகிறது. நோயுள்ள இடத்திலேயே மருந்தை இட்டால், குருதியில் கலப்பது ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே. குடலுக்குச் செல்லும் அளவு குறைவாகையால் ஆபத்தும் குறையும்; அறவே இல்லாமற் போகாது என்பதால் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். 1992இல் ஒப்புதல் பெற்ற அக்களிம்பு, ஒரு வேளைக்கு 5 கிராம். அதனுள் 100 மில்லிகிராம் மருந்து. உறங்கப் போகுமுன், உடன் தரப்படும் குழலால் உள்ளே செலுத்த வேண்டும். கருவுறாத பெண்ணுக்கு வழக்கமாக 7 இரவுகள். அதே ஆண்டில் மெட்ரோனிடசோல் கலந்த ஜெல்லும் ஒப்புதல் பெற்றது. அதற்கு 5 நாள் போதும். களிம்பின் அடிப்பொருளில் எண்ணெய் கலந்திருப்பதால் அது இரப்பர் உறைகளை நலியச் செய்யும். கருத்தடைக்காகவும் நோய்த்தடுப்புக்காகவும் உறையை நம்பியிருப்போர் மருந்துக் காலத்திலும் அதன்பின் சில நாள்களிலும் அதனை நம்பலாகாது. மருந்துப் பெட்டியினுள் சிற்றெழுத்தில் அச்சிடப்படும் இச்செய்தியைத் தாதியர் வாயால் சொல்லியாக வேண்டும். நாணத்தால் கேளாதவர்க்கும் சொல்லியாக வேண்டும்.

மருத்துவர் சீட்டின்றி இதனை ஏன் தரலாகாது என்பதற்கும் வரலாறு விடை தருகிறது. பூஞ்சைக்கான களிம்புகளைச் சீட்டின்றி விற்க அமெரிக்கா 1990இல் இசைந்தது. பெண்கள் தாமே நோயைத் தீர்மானித்து அவற்றை வாங்கலாயினர். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு வாங்கிய 95 பெண்களை மருத்துவர்கள் சோதித்தனர். உண்மையில் பூஞ்சை இருந்தவர் மூவரில் ஒருவரே. ஏறத்தாழ 19 விழுக்காட்டினருக்கு இருந்தது பாக்டீரியல் வஜினோசிஸ். பூஞ்சைக் களிம்பு அதனை ஒன்றும் செய்யாது. மறுபுறம், நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைத் தேவையின்றிப் பூசினால் பூஞ்சை பெருகும்.

கருவுற்ற தாய்மார் தொடர்பான ஆய்வுகள் இவ்வரலாற்றின் கடினமான பகுதி. இந்நோயுள்ள தாய்க்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு மிகுதி என்று 1995இல் ஹில்லியர் குழுவினர் வெளியிட்டனர். நோயைத் தீர்த்தால் குறைப்பேற்றைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இதனைச் சோதித்த தொடக்கக் களங்களுள் ஒன்று, நமக்கு அண்டை நாடாகிய இந்தோனேசியா. ஜகார்த்தாவிலும் சுராபாயாவிலும் கருவுற்று 14 முதல் 26 வாரமான பெண்களுள் ஒரு பிரிவினருக்குக் கிளிண்டமைசின் களிம்பும் மற்றொரு பிரிவினருக்கு வெறுங்களிம்பும் கொடுத்தனர். களிம்பு நோயைத் தீர்த்தது, குறைப்பேற்றைக் குறைக்கவில்லை. இதுவும் 1995இல் வெளிவந்தது. 2003இல் பிரிட்டனில் லமான்ட் குழுவினர், 13 முதல் 20 வாரத்திலேயே களிம்பைத் தொடங்கியபோது, குறைப்பேறு 10 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாயிற்று என்றனர். நம்பிக்கை மீண்டும் தழைத்தது. பின்னர் 2018இல் பிரான்சில் கிளிண்டமைசினை மாத்திரையாகக் கொடுத்து நடந்த பெரிய ஆய்வோ பயன் இல்லை என்றது. நோயால் துன்புறும் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவம் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அம்மருத்துவம் குழந்தையையும் காக்கும் என்னும் உறுதியைத்தான் எவராலும் தர இயலவில்லை.

மற்றொரு குறை, நோய் திரும்பி வருதல். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிராட்ஷா குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மெட்ரோனிடசோல் உண்டு குணமானவர்களுள் 58 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டது. அதற்கு முந்திய ஆண்டு பெர்லினில் சுவிட்சின்ஸ்கி என்பவர், யோனியின் உட்சுவரில் கார்ட்னரெல்லா ஒட்டிப் பிடித்துப் படலமாகப் படர்ந்திருப்பதைக் காட்டியிருந்தார். மருந்து மேற்பரப்பைத் துடைக்கும். படலத்தின் அடியில் பதுங்கியவை மிஞ்சும் என்பது அவருடைய விளக்கம். கிளிண்டமைசின் களிம்புக்குப் பின்னர் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் மூன்று மாதம் வரையிலும் தங்கியிருப்பதாக 2004இல் மற்றோர் ஆய்வு எச்சரித்தது. காவற்காரனைத் திரும்ப அழைத்து வரும் முயற்சியும் நடந்தது. மெட்ரோனிடசோல் ஜெல்லை முடித்த பெண்களுக்கு, நன்மை செய்யும் லாக்டோபாசில்லஸ் ஒன்றைத் தொடர்ந்து உள்ளே இட்டு வந்தபோது, 12 வாரத்தில் நோய் திரும்பியவர் 30 விழுக்காடு. வெறும்பொருளை இட்டவருள் 45 விழுக்காடு. 2020இல் வெளியான இம்முடிவில் டோடர்லைனின் 1892ஆம் ஆண்டுக் கருத்து மருந்துருவம் பெற்றது எனலாம்.

எஞ்சி நின்றது ஒரு பழைய ஐயம். கார்ட்னரும் டியூக்ஸும் நோயுற்ற பெண்களின் கணவர்களிடமும் அதே நுண்ணுயிரைக் கண்டிருந்தனர். இந்நோய் உடலுறவால் பரவுவது என்பது அவர்கள் கருத்து. 1980களிலும் 1990களிலும் ஆண்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள், மனைவியின் நோய் திரும்புவதில் மாற்றம் காணவில்லை. ஆகவே கணவனுக்கு மருத்துவம் வேண்டா என்று வழிகாட்டி நூல்கள் எழுதின. பெண் மட்டுமே களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். நோய் திரும்பும்போதெல்லாம் தன்னையே நொந்துகொண்டாள்.

2025 மார்ச்சு மாதத்தில், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மெல்போர்ன் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. லெங்கா வோட்ஸ்ட்ர்சில், கேட்ரியோனா பிராட்ஷா முதலியோர் 164 இணையரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் வழக்கமான மருத்துவம். மறு பிரிவில் ஆணுக்கும் மருத்துவம்: 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, அத்துடன் அதே 2 விழுக்காட்டுக் கிளிண்டமைசின் களிம்பு, ஆண்குறித் தோலின்மீது நாளுக்கு இருமுறை. முந்திய ஆய்வுகள் ஆணின் தோலில் தங்கிய கிருமிகளை விட்டுவிட்டன என்பதே இவர்கள் எண்ணம். 12 வாரத்தில், பெண்ணுக்கு மட்டும் மருத்துவம் செய்த பிரிவில் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் செய்த பிரிவில் 35 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இவ்வேறுபாடு ஆய்வின் இடையிலேயே தெளிவாகிவிட்டது. கணவனுக்கு மருந்து தராமல் இனியும் பெண்களை அப்பிரிவில் வைத்திருத்தல் முறையன்று என்று கண்காணிப்புக் குழுவினர், திட்டமிட்ட காலத்திற்கு முன்னரே ஆய்வை நிறுத்தச் செய்தனர்.